தோழிக்கு அடிக்கடி வரும் பேனிக் அட்டாக்: கூடவே இருந்தால் போதுமா?

இந்த முறை ஒரு வாசகியின் நீண்ட கடிதத்துக்குப் பதில். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வாசகியும் அவருடைய தோழியும் முப்பது வயதை எட்டாதவர்கள். ஒரே அலுவலகம், ஒரே வீடு. எட்டு மாதங்களுக்கு முன் அலுவலக லிஃப்டில் தோழிக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. "செத்துடுவேன்டி, என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று கையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். எமர்ஜென்சிக்கு ஓடினார்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். அதற்குப் பிறகு இன்னும் மூன்று முறை அதே ஓட்டம். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் எடுத்தாகிவிட்டது. கடைசியாகப் போனபோது, "டென்ஷன்தான், ஒண்ணும் இல்ல" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நிற்கவில்லை. மீட்டிங் நடுவில் வருகிறது. நல்ல தூக்கத்தில் நள்ளிரவிலும் வருகிறது. ஒரு முறை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து, மணிக்கட்டு மடங்கி, பிரிக்க முடியாதபடி விறைத்துக்கொண்டன. பக்கவாதமோ வலிப்போ என்று பயந்துபோன வாசகி, அந்த விரல்களை இழுத்துப் பிரிக்கப் பார்த்திருக்கிறார். வீடியோவில் பார்த்தபடி காகிதப் பைக்குள் மூச்சுவிட வைத்திருக்கிறார். தன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். தோழி இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை, ஐந்து மாடியும் படிக்கட்டுதான். குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. வாசகி இல்லாமல் எங்கேயும் போவதில்லை. அதற்காக வாசகி தன் ஷிஃப்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று தோழி சத்தியமும் வாங்கியிருக்கிறார்.

கடிதம் இப்படி முடிகிறது: "நேற்று களைப்பில் 'நடிக்காதடி' என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. டாக்டர், இது நிஜமான நோயா? ஒரு நாள் அவள் இதயம் நின்றுவிடுமா? நான் செய்வதெல்லாம் சரிதானா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி நடிக்கவில்லை. அசந்து தூங்குகிற ஒருவரால் நடிக்க முடியாது. இரவில் வருகிற அந்தத் தாக்குதல்கள் பெரும்பாலும் கெட்ட கனவால் வருவதில்லை. கனவில்லாத தூக்கத்திலிருந்தே உடம்பு தூக்கிவாரிப் போட்டு எழுப்பிவிடுகிறது. 1871-லேயே ஜேகப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் இதே படபடப்பையும் நெஞ்சு வலியையும் மூச்சுத் திணறலையும் பார்த்து விரிவாக எழுதினார். பலருடைய இதயத்தில் அவர் எந்தப் பழுதையும் காணவில்லை. ஆனாலும் அவர்கள் பாசாங்கு செய்கிறார்கள் என்று அவர் தள்ளிவிடவில்லை.

நேரில் பார்க்காமல் என்னால் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே பேனிக் அட்டாக்கோடு ஒத்துப்போகிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சு முட்டல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுற்றல், குளிர் அல்லது சூடு பரவுதல், மரத்துப்போதல், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போன்ற உணர்வு, கட்டுப்பாடு போய்விடும் என்ற பயம், செத்துவிடுவோம் என்ற பயம் என்று மருத்துவத்தில் 13 அறிகுறிகளைச் சொல்வோம். இவற்றில் குறைந்தது நான்கு திடீரென்று சேர்ந்து எழும்பி, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டால் அது பேனிக் அட்டாக். அது காரணமே தெரியாமல் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடி வந்துவிடுமோ' என்ற கவலையோ அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பேனிக் டிஸ்ஆர்டர் என்கிறோம். 1980-லிருந்து தனி நோயாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இருபதுகளில்தான் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். நல்ல சிகிச்சையும் இருக்கிறது.

எமர்ஜென்சியில் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னவர், இதயத்தில் பழுதில்லை என்ற பொருளில்தான் சொல்லியிருப்பார். அது நல்ல சேதி. அந்த இடத்தில் யாராவது இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, 'அப்படியென்றால் இது என்ன' என்பதையும் சொல்லியிருந்தால், அதன் பிறகு நீங்கள் இருவரும் இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

இருட்டில் கயிற்றைப் பாம்பென்று நினைத்து அலறுகிறவரின் நெஞ்சு, நிஜப் பாம்பைப் பார்த்தவரின் நெஞ்சைப் போலவேதான் அடித்துக்கொள்ளும். பாம்பு இல்லை என்பதால் படபடப்பு பொய்யாகிவிடாது. மூளை ஆபத்து என்று முடிவெடுத்த கணமே அட்ரினலின் ரத்தத்தில் பாய்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து குமட்டுகிறது. ஆனால் அங்கே ஓடுவதற்கும் ஒன்றுமில்லை, எதிர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. மீட்டிங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் மிகவும் பயந்தது அந்த விரல்களைப் பார்த்துத்தான். அது பக்கவாதம் அல்ல என்றுதான் உங்கள் வர்ணனையைப் படிக்கும்போது தோன்றுகிறது. பயத்தில் நாம் தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிடுகிறோம். அப்போது ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறைகிறது. நரம்புகள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கின்றன. முதலில் உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கும். அப்புறம் விரல்கள் நீட்டியபடியே ஒட்டிக் குவியும், கட்டைவிரல் உள்ளே சாயும், மணிக்கட்டு மடங்கும். இரண்டு கையிலும் வரும். மூச்சு நிதானமானதும் தானாகவே விடும். இழுத்துப் பிரிக்க வேண்டாம், வலிதான் கூடும். பக்கவாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வலுவிழந்து தொங்கும், வாய் கோணும், பேச்சு குழறும்.

தலைசுற்றலுக்கும் இதே கதைதான். கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். கிறுகிறுக்கும், கண் மங்கும், எல்லாம் கனவில் நடப்பது போல இருக்கும். 'மூச்சே வரவில்லை' என்று தவிக்கிற நேரத்தில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 98, 99 என்று காட்டும். பற்றாக்குறை ஆக்ஸிஜனில் இல்லை. அதனால்தான் 'நல்லா ஆழமா மூச்சை இழு' என்ற அறிவுரை பல நேரம் நிலைமையை மோசமாக்குகிறது. மேல் நெஞ்சால் இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் களைத்து வலிப்பது நெஞ்சு வலிக்கு ஒரு காரணம்.

இப்போது உங்கள் அடுத்த பயத்துக்கு வருகிறேன். பரிசோதனையில் நல்லபடியாக இருக்கிற ஓர் இளம் இதயம் பேனிக் அட்டாக்கால் நின்றுபோகாது. ஐந்து மாடி ஏறும்போது அடிக்கிற அடிதான் இதிலும். லிஃப்டுக்குப் பயந்து தினமும் அந்தப் படிக்கட்டில் நெஞ்சு வலியில்லாமல் ஏறுகிறார் என்றால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், உபயோகமான தகவல். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் பொதுவாக ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும், இறங்காது. எனவே மயக்கம் அபூர்வம். நிஜமாகவே நினைவு தப்பி விழுந்தார் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இன்னும் பார்க்க வேண்டிய சோதனைகள்

மனம்தான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எடை குறையும், வெக்கை தாங்காது. படபடப்பு ஸ்விட்ச் போட்டது போல் சட்டென்று தொடங்கி, அதேபோல் சட்டென்று நின்றால் இதயத் துடிப்பின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அது வராத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாகவே இருக்கும். அதைப் பிடிக்க 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்கிற ஹோல்ட்டர் கருவி உண்டு. காபி, எனர்ஜி பானம், மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், புகை, மது எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நிற்கிறதா என்பதைக் கூட இருக்கிற நீங்கள்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

இந்தச் சோதனைகள் ஒரு முறை ஒழுங்காக முடிந்த பிறகு, அதையே திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் சில நாள் நிம்மதி கொடுத்துவிட்டு, அடுத்த சந்தேகத்துக்கு வழிவிடும்.

ஆனால் கீழ்க்கண்டவை இருந்தால் 'வழக்கமானதுதான்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

- நெஞ்சை அழுத்துகிற வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, அல்லது உடலுழைப்பின்போது வந்து ஓய்வில் குறைவது
- நினைவு தப்புவது, நாக்கைக் கடித்துக்கொள்வது, முடிந்த பின் நடந்தது எதுவுமே ஞாபகமில்லாமல் போவது
- ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பேச்சு குழறுவது
- ஆக்ஸிஜன் அளவு நிஜமாகவே குறைவது, மூச்சில் விசில் சத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம்
- முன்பு வந்ததிலிருந்து முற்றிலும் வேறு மாதிரியாக இருப்பது, அல்லது அரைமணி நேரம் தாண்டியும் துளிகூடத் தணியாதது

வருகிற அந்தப் பத்து நிமிடம்

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் போய் இறங்க ஆரம்பித்துவிடும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார வையுங்கள். சுற்றி ஆள் கூட விடாதீர்கள். தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். "போன தடவை வந்த அதேதான் இது. ஏறும், அப்புறம் இறங்கிடும். நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவு போதும். "ரிலாக்ஸா இரு", "ஒண்ணும் இல்ல விடு", "எதுக்கு இப்படிப் பயப்படுறே" என்பவை வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்பதும் வேண்டாம், கேட்கும்போதெல்லாம் அவர் மறுபடி தன் நெஞ்சைத்தான் கவனிப்பார். தொடுவது பிடிக்குமா என்பதை நல்ல நேரத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கு உதவ வேண்டுமென்றால் வெளிவிடுவதை நீட்டச் சொல்லுங்கள். மூக்கு வழியாக அமைதியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. அவரைச் செய்யச் சொல்வதைவிட, எதிரில் உட்கார்ந்து நீங்களே செய்தால் அவர் உங்களைப் பின்பற்றுவது சுலபம்.

காகிதப் பையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான், இப்போது சொல்வதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயப் பிரச்சினையாகவோ இருந்தால், ஆக்ஸிஜன் தேவைப்படுகிற நேரத்தில் அதைக் குறைத்துவிடும்.

அம்மாவின் மாத்திரையையும் இனிக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கவே கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஆகும். அதற்குள் தாக்குதல் தானாகவே இறங்கியிருக்கும். தன் உடம்பே சமாளித்ததை மாத்திரை காப்பாற்றியதாக அவர் நம்பிவிடுவார், அடுத்த முறை மாத்திரை கைப்பையில் இல்லை என்பதே தாக்குதலைக் கொண்டுவந்துவிடும். தொடர்ந்து சாப்பிட்டால் பழக்கமாகும். பழகிய பின் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்கு திரும்பும், வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

நீங்கள் கூடவே இருப்பது

இதைச் சொல்லும்போது உங்களுக்கு வலிக்கலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கூடவே போவது, ஷிஃப்டை மாற்றிக்கொள்வது, கதவுக்கு வெளியே நிற்பது எல்லாம் அன்பில் செய்வது. அதே நேரத்தில் அவை அந்த நோய்க்கும் தீனி போடுகின்றன.

எப்படியென்று பாருங்கள். லிஃப்டைத் தவிர்த்தார், தாக்குதல் வரவில்லை. மூளை என்ன கற்றுக்கொள்ளும்? 'லிஃப்ட் ஆபத்துதான், தவிர்த்ததால் பிழைத்தேன்.' நீங்கள் கூட வந்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. 'இவள் இருந்ததால் பிழைத்தேன்.' எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தப் படபடப்பு ஏறித் தானாக இறங்கியிருக்கும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை. இன்று லிஃப்ட், நாளை பேருந்து, அப்புறம் கூட்டம், கடைசியில் வாசற்படி. வீட்டை விட்டே இறங்காமல் முடங்கிப்போனவர்களை எங்கள் துறையில் நிறையப் பார்க்கிறோம். அவர்களில் பலரைச் சுற்றிலும் உங்களைப் போல பாசமான ஒருவர் இருப்பார்.

அதற்காக நாளையிலிருந்து விலகிவிடுங்கள் என்று சொல்லவில்லை. திடீரென்று கைவிட்டால் பயம் இரட்டிப்பாகும். முதலில் சிகிச்சை தொடங்கட்டும். பிறகு அவர் சம்மதத்தோடு, சிகிச்சை அளிப்பவரின் யோசனையோடு, படிப்படியாகக் குறையுங்கள். முதலில் இருவரும் லிஃப்டில் ஒரே ஒரு மாடி. அது பழகியதும் நீங்கள் மேலே நின்றுகொள்ள அவர் தனியாக ஒரு மாடி. அப்புறம் இரண்டு. அப்புறம் நீங்கள் வீட்டில், அவர் லிஃப்டில். ஒவ்வொரு படியிலும் படபடக்கத்தான் செய்யும். படபடப்போடு அங்கேயே நின்று, அது இறங்குவதை அவர் பார்ப்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. எந்தப் படி எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொய் சொல்லி அழைத்துப் போய் லிஃப்டில் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது.

சிகிச்சை

இரண்டு வழிகள் நன்றாகப் பலன் தருகின்றன. ஒன்று சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை. நெஞ்சு படபடத்தால் 'ஹார்ட் அட்டாக்' என்று மூளை மொழிபெயர்ப்பதும், அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுவதும்தான் இந்தச் சுழலின் மையம் என்று 1986-ல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் விளக்கினார். அந்தச் சுழலைச் சிபிடி உடைக்கிறது. ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது, நாற்காலியில் சுழல்வது, நின்ற இடத்திலேயே ஓடுவது என்று பயமுறுத்துகிற அதே உணர்ச்சிகளைப் பாதுகாப்பாக வரவழைத்துப் பழக்குவார்கள். வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் போக வேண்டியிருக்கும்.

மற்றது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள். குறைந்த அளவில் தொடங்குவோம். பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். முதல் ஓரிரு வாரம் பதற்றம் சற்றுக் கூடினாலும் கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதைப் பழக்கமும் ஆகாது. எது முதலில், அல்லது இரண்டும் சேர்த்தா என்பதை அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்யலாம். "மனநல மருத்துவரிடம் போகலாம்" என்று தாக்குதல் வந்து ஓய்ந்த கையோடு சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து, நிதானமாக இருக்கும்போது, "உனக்குப் பைத்தியம்னு சொல்லலடி, இதுக்கு வைத்தியம் இருக்காம்" என்று தொடங்கிப் பாருங்கள்.

வீட்டுக்குச் சொல்வதா?

அவர் வயது வந்தவர். தன் உடல்நலம் பற்றி யாருக்குச் சொல்வது என்பது அவருடைய உரிமை. நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள், அவரே சொல்ல விரும்பினால் பக்கத்தில் இருங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. இந்த நோயோடு மனச்சோர்வும் சேரும்போது தற்கொலை எண்ணம் வரக்கூடும். "சாகணும்னு எப்பவாவது தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு யாராவது கேட்டார்களே என்று ஆறுதலாகத்தான் இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் வீட்டாருக்கும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்னும்போது வாக்குறுதி கட்டுப்படுத்தாது. இந்த நிபந்தனையை இப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

'நடிக்காதடி' என்று கத்தியதற்காக உங்களையே வெறுத்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதமாக ஒழுங்காகத் தூங்காதவர் நீங்கள். "அன்னைக்குக் களைப்புல தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ. நீ நடிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பழைய ஷிஃப்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் அந்தப் படிப்படித் திட்டத்தில் ஒரு வரியாகச் சேருங்கள், அது சுயநலம் அல்ல.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: முதலில் வந்த மாதம், வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், தூக்கத்தில் வந்தவை, இதுவரை எடுத்த பரிசோதனைகள், சாப்பிட்ட மாத்திரைகள். அந்த அரை அல்பிரசோலத்தையும் சேர்த்துத்தான். எதையெல்லாம் தவிர்க்க ஆரம்பித்திருக்கிறார் என்ற பட்டியலை மட்டும் அவரே எழுதட்டும்.